பெயர் ஒத்துப்போவதால் எயார்போட்டில் மறிக்கப்படுவது: என்ன செய்யலாம்?

வாவிக்கரை:
கட்டுநாயக்கவில் பாஸ்போட்டை ஸ்கேன் பண்ணினதும் "கொஞ்சம் பக்கத்தில நில்லுங்க" என்று ஒதுக்கிவைத்து, நீண்ட நேரம் கழித்து "சரி, போங்க" என்று விடுகிறார்கள். வழக்கும் இல்லை, தடையும் இல்லை. பெயர் மட்டும் யாரோ ஒருவருடையதோடு ஒத்துப்போகிறது. கட்டாருக்கு வேலைக்குப் போகிற ஆள் ஒவ்வொரு லீவிலும் இதை அனுபவிக்க வேண்டுமா? சோதனையே வேண்டாம் என்று கேட்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புக்குப் பிறகு மட்டக்களப்பில் யாரும் அப்படிக் கேட்க மாட்டார்கள். இந்தப் பெயர்ச் சிக்கல் எப்படி வருகுது, நிரந்தரமாகத் தீர்க்க வழி என்ன? விபரம் தெரிந்தவர்கள் சொல்லுங்க.

படுவான்கரை:
முதல்ல மெஷின் எதை வாசிக்குது என்று பாருங்க. படப் பக்கத்தின் அடியில் இரண்டு வரி, வரிக்கு 44 இடம். மேல் வரியில் முதல் 5 இடம் ஆவண வகைக்கும் நாட்டுக் குறிக்கும் போய்விடும். பெயருக்கு மிஞ்சுவது 39. குடும்பப் பெயர், அடுத்து இரண்டு < குறி, அதன் பிறகு மற்றப் பெயர்கள். 39ஐத் தாண்டினால் வெட்டு.

எங்கட பக்கத்துப் பெயர்கள் இதில் மாட்டுப்படுவதற்குக் காரணம் இருக்கு. ஏ.எல்.எம். என்பதை விரித்தால் அகமதுலெவ்வை முகம்மது. பாதி இடத்தை அதுவே பிடித்துவிடும். ஆளைப் பிரித்துக் காட்டுகிற சொந்தப் பெயர் கடைசியில்தான் வரும், நீளமான பெயரென்றால் வெட்டுப்படுவதும் அதுதான். முகம்மது என்ற பெயரை இங்கிலீஷில் பல விதமாக எழுதுவதால், தேடும் மென்பொருள் அந்த எழுத்து வித்தியாசங்களையெல்லாம் ஒன்றாகவே எடுக்கும்படி அமைக்கப்படுகிறது. தமிழ்ப் பெயரிலும் இதே கதைதான். கந்தசாமி சிவகுமார் என்றால் ஒரு பத்திரத்தில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராக நிற்கும், இன்னொன்றில் 'கே' என்ற ஒற்றை எழுத்தாகிவிடும். சிவகுமாரின் 'சி'யைச் சிலர் எஸ் போட்டு எழுதுவார்கள், சிலர் எஸ், எச் சேர்த்து எழுதுவார்கள்.

ஆளை உறுதியாகக் காட்டுவது கீழ் வரிதான். பாஸ்போட் இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சரிபார்ப்பு இலக்கம் இருக்கும். 1985 ஏப்ரல் 12இல் பிறந்தவருக்கு 850412. இதை வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆல் பெருக்கினால் 56, 15, 0, 28, 3, 2. கூட்டினால் 104, கடைசி இலக்கம் 4. ஆகவே 850412க்கு அடுத்து 4 நிற்க வேண்டும். மெஷின் ஓர் இலக்கத்தைப் பிழையாக வாசித்தால் இது காட்டிக்கொடுக்கும். பெயர் வரிக்கு இப்படி ஒரு சரிபார்ப்பே கிடையாது. அதனால் பெயரை மட்டும் நம்பி ஆளைப் பிடிப்பது எப்பவும் பலவீனமான பிடி.

செய்ய வேண்டியது, பத்திரம் எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவருவது. ஒழுங்கு முக்கியம். முதலில் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் பிறப்புப் பதிவைத் திருத்துங்க. பிறகு கிராம சேவகர் மூலம் அடையாள அட்டை. கடைசியாகத்தான் பாஸ்போட். தலைகீழாகப் போனால் இரண்டு தரம் அலையவேண்டி வரும். சமாதான நீதவானிடம் வாங்குகிற சத்தியக் கடதாசி கையில் இருப்பது நல்லது, ஆனால் அது கம்ப்யூட்டரில் எதையும் மாற்றாது.

கல்முனை வழக்கு:
படுவான்கரை அண்ணன் சொன்னது சரி. ஆனால் மறிப்பதெல்லாம் பெயரால் மட்டும் இல்லை, காரணத்தைப் பிரித்துப் பார்க்க வேணும்.

பழைய வழக்கில் நீதிவான் பயணத் தடை போட்டிருந்து, வழக்கு முடிந்தும் தடை நீக்கிய கட்டளை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். நீதிமன்றப் பதிவாளரிடம் சான்றுப்படுத்திய பிரதி எடுத்து, பத்தரமுல்லையில் இருக்கிற அந்தத் திணைக்களத்துக்கு ஒன்று அனுப்பி, கையிலும் ஒன்று வைத்திருங்க. அடுத்தது, பாஸ்போட் தொலைந்தது என்று பொலிஸில் முறைப்பாடு போட்டு, பிறகு அது அலுமாரியில் கிடைப்பது. அறிவித்த இலக்கம் இன்டர்போலின் தொலைந்த ஆவணத் தரவுத்தளத்துக்குப் போயிருக்கலாம். அந்தப் பாஸ்போட்டில் பயணம் போகவே வேண்டாம், புதிதாக எடுங்க.

உண்மையிலேயே பெயர்தான் பிரச்சினை என்றால், 2012ஆம் ஆண்டின் ஐ.நா. ஒழுங்குவிதிகளின் கீழ், பயங்கரவாதத்தோடு தொடர்புள்ளவர்கள் என்று அரசு பெயர் குறித்து வெளியிடுகிற வர்த்தமானிப் பட்டியலைப் பாருங்க. 2014 மார்ச்சில் வந்ததில் 16 அமைப்புகளும் 424 தனியாட்களும் இருந்தார்கள், பிறகு பல தரம் திருத்தினார்கள். அது பகிரங்க ஆவணம். உங்கட பெயர் போல ஒன்று இருந்தால், அதோடு போட்டிருக்கிற பிறந்த திகதி, அடையாள அட்டை இலக்கம், விலாசம் எதில் வேறுபடுகிறது என்று குறித்து, திணைக்களத்துக்குப் பதிவுத் தபாலில் எழுதுங்க. தகவல் அறியும் சட்டத்தின் கீழும் கேட்கலாம். முடிவு சொல்ல அவர்களுக்கு 14 வேலை நாள். தேசிய பாதுகாப்பைக் காரணம் காட்டி மறுக்கச் சட்டத்தில் இடம் உண்டு, ஆனால் அந்த மறுப்பும் எழுத்தில் கிடைக்கும், மேன்முறையீட்டுக்கு அது உதவும்.

ஒரு மாதக் கெடுவை யாரும் மறக்க வேண்டாம். அடிப்படை உரிமை மீறல் என்று உச்ச நீதிமன்றம் போவதென்றால் சம்பவத்திலிருந்து ஒரு மாதம்தான். அதற்குள் மனித உரிமை ஆணைக்குழுவில் முறைப்பாடு போட்டால், விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் பிராந்திய அலுவலகம் இருக்கு. மறித்த திகதி, நேரம், விமான இலக்கம், கவுன்டர் இலக்கம் எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்க.

ஊறணி சந்தி:
பாதுகாப்புப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு 10,000 பேர் போகிறார்கள், அதில் தேடப்படுகிறவர் 1 ஆள் என்று வையுங்க. பெயர்த் தேடல் நூற்றுக்கு ஒருவரைப் பிழையாகப் பிடித்தால் 100 பேர் ஒதுக்கப்படுவார்கள். ஆளுக்கு 20 நிமிடம் என்றால் 33 மணித்தியாலத்துக்கு மேலான வேலை. இத்தனை பேருக்கு நடுவில் அந்த ஒருவரை எவ்வளவு கவனமாக விசாரிக்க முடியும்? பிறந்த திகதியையும் அடையாள அட்டை இலக்கத்தையும் சேர்த்துப் பார்த்தால் அந்த 100 ஒரு சிலராகிவிடும், மிச்ச நேரம் உண்மையான ஆளுக்குக் கிடைக்கும். பட்டியலைத் துல்லியமாக வைக்கச் சொல்வதைப் பாதுகாப்புக்கு எதிரான பேச்சாக எடுக்கிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2019ஐ எடுங்க. குண்டுவெடிப்பை நடத்திய குழுவின் தலைவன் காத்தான்குடி சஹ்ரானுக்கு, 2017இல் அங்கே நடந்த மோதலுக்குப் பிறகே பிடியாணை இருந்தது. ஏப்ரல் 4இல் இந்தியாவிலிருந்து அவன் பெயரோடு எச்சரிக்கையும் வந்தது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது ஏப்ரல் 21. பெயர் கையில் இருந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை. அதே பெயருள்ள இன்னும் ஆயிரம் பேரை எயார்போட்டில் நிறுத்தியிருந்தாலும் அந்தத் தேவாலயத்தில் இறந்த பிள்ளைகள் காப்பாற்றப்பட்டிருக்க மாட்டார்கள்.

ஒரு விஷயம்: கவுன்டரில் இருக்கிறவரோடு வாதாட வேண்டாம். எச்சரிக்கை வந்தால் மேலதிகாரியிடம் அனுப்புவதுதான் அவருடைய வேலை.

வாவிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. அமெரிக்கா வழியாகக் கனடா போகிறவருக்கும் இதே வழிதானா?

படுவான்கரை:
இல்லை, ஒவ்வொரு நாட்டுப் பட்டியலும் தனி. இங்கே எடுக்கிற பொலிஸ் நற்சான்றுப் பத்திரம் அமெரிக்கப் பட்டியலில் எதையும் மாற்றாது. அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களத்தின் 'ட்ரிப்' என்ற முறையில் ஒன்லைனில் விண்ணப்பித்தால் 7 இலக்கங்கொண்ட ஒரு தீர்வு இலக்கம் தருவார்கள். டிக்கெட் போடும்போது ஒவ்வொரு தடவையும் அதைப் பதிய வேண்டும், பதியாவிட்டால் பலனில்லை.

டிக்கெட் கடையில் இன்னொன்றையும் கவனியுங்க. முழுப்பெயர் நீளம் என்று முதலெழுத்தைப் போட்டு டிக்கெட் அடித்துத் தருவார்கள். விமானக் கம்பனி முன்கூட்டியே அனுப்புகிற பயணி விபரம் அப்போது பாஸ்போட்டோடு பொருந்தாது. பாஸ்போட்டின் மேல் வரியில் உள்ளபடி எழுத்துக்கெழுத்து அடிக்கச் சொல்லி, காசு கொடுக்க முதல் வாசித்துப் பாருங்க. டிக்கெட் அடித்த பிறகு பெயர் மாற்றுவதற்குப் பல கம்பனிகள் தனியாகக் காசு எடுக்கும், சிலது புது டிக்கெட்டே எடுக்கச் சொல்லும்.