புதுப்பிப்பு: மகளின் முதல் டர்ட் பைக் முடிவாகிவிட்டது

இதுவரை பைக்கே ஓட்டாத 14 வயது மகளுக்கு, மண் தடத்தில் ஓட்டும் டர்ட் பைக்காக 85 சிசி டூ-ஸ்ட்ரோக் எடுக்கலாமா, 125 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக் எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். 125-தான் எடுத்தோம்: ஹோண்டா சிஆர்எஃப்125எஃப், பெரிய சக்கர மாடல்.

சிசி குறைவாக இருப்பதால் 85 சாதுவான வண்டி என்று பலர் நினைக்கிறார்கள். அது பந்தயத்துக்கென்றே செய்தது. குறைந்த ஆர்பிஎம்மில் (இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது) சோர்ந்து கிடக்கும். த்ராட்டிலை இன்னும் கொஞ்சம் முறுக்கினால் ஒரேயடியாகப் பாயும். கிளட்ச் பழகாத கைக்கு அது ஆகாது. ஃபோர்-ஸ்ட்ரோக்கில் இழுவை படிப்படியாக ஏறுகிறது. அப்புறம், செல்ஃப் ஸ்டார்ட். மேட்டில் பாதியில் நின்றுபோனாலும் பதற்றப்படாமல் பட்டனை அழுத்தி மறுபடி கிளம்புகிறாள்.

சீட் உயரம் சுமார் 785 மி.மீ. அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். ஆள் உட்கார்ந்ததும் சஸ்பென்ஷன் அமுங்கும், அதனால் பூட்ஸோடு உட்காரவைத்தே பார்த்தோம். இரண்டு முன்பாதங்களும் தரையில் படுகின்றன, கிளட்ச் லீவர் விரலுக்கு எட்டுகிறது. எனக்கு அது போதும்.

"வளரும் பிள்ளைதானே, 250 எடுங்கள்" என்றவர்களுக்கு: வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்கிறோம். சாயும்போது தாங்கிப் பிடிக்க முடியாத எடையில் ஒரு பிள்ளைக்குத் தைரியம் வராது, பயம்தான் வரும்.

ஹெல்மெட், கண்ணாடி, மார்புக் கவசம், முழங்கால் காப்பு, டர்ட் பைக் பூட்ஸ் எல்லாம் வாங்கியாயிற்று. ஏர் ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து எண்ணெய் தடவி மாட்ட அவளே கற்றுக்கொண்டாள்.