ஜப்பானியத் தேநீர்ச் சடங்குக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள்: போனால் என்ன செய்யணும், இதெல்லாம் எதற்கு?

வைட்ஃபீல்ட்_வாசகி கேட்டது:

எங்கள் ஆபீஸ் மேனேஜர் ஜப்பான்காரர். அவர் மனைவி ஊரில் தேநீர்ச் சடங்கை முறையாகப் படித்தவராம். வரும் சனிக்கிழமை டீமில் சிலரை வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார். பெங்களூரில் ஹெப்பால் பக்கம் அபார்ட்மென்ட், ஒரு ரூமில் அவர்கள் ஊர்ப் பாய் விரித்து வைத்திருக்கிறார்களாம். சரி என்று தலையாட்டிவிட்டு ராத்திரி யூடியூபில் வீடியோ பார்த்தேன், அதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

பளபளவென்று இருக்கிற டப்பாவை மறுபடி துடைக்கிறார்கள். கரண்டியைத் துடைக்கிறார்கள். கிண்ணத்தில் வெந்நீர் ஊற்றி அலம்பிக் கொட்டுகிறார்கள். யாரும் வாயைத் திறப்பதில்லை. கடைசியில் நாலு மடக்கு பச்சைக் கஷாயம், அதைக் குடிப்பவர் கிண்ணத்தைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். கூட வேலை செய்யும் பையன் ஒருவன் "நாடகம் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துட்டு வந்துடலாம்" என்கிறான். எனக்கு அப்படி விட மனசு வரவில்லை, அந்த அம்மா இதற்காக ஒரு வாரமாகத் தயார் செய்கிறார் என்று கேள்வி.

தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: விருந்தாளிக்கு என்ன வேலை? நான் சைவம், ஏதாவது சிக்கல் வருமா? எனக்கு முழங்கால் பிரச்சினை வேறு. மாமியார் "அது என்ன, அவங்க பூஜையா?" என்று கேட்கிறார், அதற்கும் ஒரு பதில் வேண்டும். முக்கியமாக, சுத்தமாக இருப்பதை எதற்குத் துடைக்கிறார்கள்? விக்கிப்பீடியாவை அப்படியே ஒட்டாதீர்கள், அதை நானே படித்துவிட்டேன்.

கியோட்டோ_ரிட்டர்ன் எழுதியது:

வீட்டுக்காரர் வேலைக்காகக் கியோட்டோவில் இருந்த காலத்தில் வாராவாரம் உராசென்கே என்ற தேநீர்க்கலைப் பள்ளியின் ஆசிரியை ஒருவரிடம் கற்றேன். இப்போது ஜெயநகரில் இருக்கிறேன், கை கொஞ்சம் மறந்துவிட்டது, கண் மறக்கவில்லை.

முதலில் பயத்தை விடுங்கள். சாப்பாடு, கெட்டித் தேநீர், மெல்லிய தேநீர் என்று முழுசாக நடப்பதற்கு சாஜி என்று பெயர், அதுதான் நாலு மணி நேரம் இழுக்கும். உங்களுக்குக் கிடைக்கப் போவது அநேகமாகச் சகாய் என்கிற சின்ன வடிவம். ஒரு இனிப்பு, ஒரு கிண்ணம் மெல்லிய மாட்சா (பச்சைத் தேயிலைத்தூளை வெந்நீரில் அடித்துக் கலக்கியது), அவ்வளவுதான்.

துடைப்பதைப் பற்றிக் கேட்டீர்களே, நல்ல கேள்வி. பாத்திரங்கள் எல்லாம் உள்ளே சுத்தம் செய்துதான் வருகின்றன. இடுப்பில் செருகிய பட்டுத்துணியை எடுத்து, மடித்து, தூள் டப்பாவையும் மூங்கில் கரண்டியையும் துடைப்பது உங்கள் கண்ணெதிரே, உங்களுக்காக இன்னொரு முறை. அந்தத் துணி மடிப்பைக் கற்கவே எனக்கு வாரக்கணக்கில் ஆனது. அடுத்து மூங்கில் மத்தைப் பாருங்கள், ஒரே மூங்கில் துண்டின் நுனியை மெல்லிய நார்களாகச் சீவிச் செய்தது. அதைக் கிண்ணத்து வெந்நீரில் முக்கி, மேலே தூக்கி, மணிக்கட்டை மெதுவாகச் சுழற்றி ஒரு பார்வை பார்ப்பார். வெந்நீர் பட்டால் நார் இளகும், அடிக்கும்போது ஒடியாது. ஏற்கெனவே ஒடிந்த சிம்பு ஏதாவது இருந்தால் அப்போதே கண்ணில் பட்டுவிடும், உங்கள் தொண்டைக்குப் போகாது. அதே வெந்நீரில் கிண்ணமும் சூடாகிவிடும். இப்படி ஒவ்வொன்றாகக் கேட்டுப் பார்த்தால் வெறும் அலங்காரத்துக்கு என்று இருப்பது ரொம்பக் கம்மி.

விருந்தாளிக்கு நிறைய வேலை இருக்கிறது, உங்கள் ஆபீஸ் பையனிடம் சொல்லுங்கள். மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் முன்பே கழற்றிப் பையில் போட்டுவிடுங்கள், கிண்ணத்தில் கீறல் விழும். சென்ட் வேண்டாம், தேநீர் வாசனையையும் அறையில் போடும் தூப வாசனையையும் அது தின்றுவிடும். பாயின் துணிக்கரையை மிதிக்காதீர்கள். உள்ளே போனதும் மாடத்தில் ஒரு எழுத்துச் சுருளும் ஒரு பூவும் இருக்கும், முதலில் அதன் எதிரே உட்கார்ந்து பாருங்கள், அன்றைய நாளுக்காக அவர் யோசித்து எடுத்து வைத்தது அது. இனிப்பு முதலில் வரும், தேநீர் வருவதற்குள் முழுசாகச் சாப்பிட்டுவிட வேண்டும். அந்தக் கசப்புக்கு நாக்கைத் தயார் செய்வது இனிப்புதான்.

கிண்ணம் வந்ததும் பக்கத்து ஆளிடம் "ஒசாகி நி" என்று சொல்லி லேசாகக் குனியுங்கள், உங்களுக்கு முன்னால் நான் குடிக்கிறேன் என்று அனுமதி கேட்பது. கிண்ணத்தை இடது உள்ளங்கையில் வைத்து, வலது கையால் அணைத்து, கடிகாரம் சுற்றும் திசையில் இரண்டு தடவை திருப்புங்கள். கிண்ணத்துக்கு முகம் என்று ஒரு பக்கம் உண்டு, அழகான பக்கம். அதை உங்களைப் பார்த்துத்தான் வைத்துக் கொடுப்பார், அங்கே வாய் வைக்கக் கூடாது என்று நீங்கள் திருப்புகிறீர்கள். கடைசி மடக்கைச் சத்தமாக உறிஞ்சுங்கள், முடித்துவிட்டேன் என்று அவருக்குச் சேதி. வாய் பட்ட இடத்தை விரலால் துடைத்து, மறுபடி திருப்பிக் கீழே வைத்து, கிண்ணத்தை நன்றாகப் பாருங்கள். பார்க்கும்போது கையைத் தரையை விட்டு ரொம்பத் தூக்காதீர்கள், தவறி விழுந்தாலும் உடையாத உயரம்.

நம் பந்தியில் இலையின் எந்தப் பக்கம் யாருக்கு, உப்பு எந்த மூலை, எப்போது எழுந்திருப்பது என்று உட்கார்ந்து யோசிக்கிறோமா? பழகிவிட்டது, அதனால் கவனம் சாப்பாட்டுக்குப் போகிறது. இங்கேயும் அப்படித்தான், அடுத்து என்ன என்ற கவலை இல்லாதபோதுதான் கெட்டில் கொதிக்கிற சத்தமே காதில் விழும்.

சைவத்துக்கு: இனிப்புகள் பெரும்பாலும் பயறு விழுது, சர்க்கரை, அரிசி மாவு, கடல்பாசி. சிலவற்றில் முட்டை சேரும், ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சாப்பாடும் போடுவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லியே ஆக வேண்டும், அவர்கள் ரசத்தில் மீன் சாறு இருக்கும்.

மாமியாருக்கு: பூஜை இல்லை. ஜென் என்ற பௌத்தப் பிரிவோடு பழைய உறவு உண்டு. ஐசாய் என்ற துறவி 1191இல் சீனாவிலிருந்து ஜென்னோடு தேயிலை விதையையும் கொண்டுவந்தார் என்பார்கள். இந்தக் கலைக்கு இன்றைய வடிவம் கொடுத்த சென் நோ ரிக்யூவும் (1522–1591) கியோட்டோ தைதொகுஜி மடத்தில் ஜென் பயின்றவர். ஆனால் அந்த அறையில் கும்பிட சாமி இல்லை.

சிவாஜிநகர்_சந்தேகி எழுதியது:

மேலே எழுதிய அக்கா அருமையாக எழுதியிருக்கிறார், மறுக்கவில்லை. ஆனால் "எளிமை", "பணிவு", "மன அமைதி" என்று இதை விற்கிறார்களே, அதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். இந்திராநகரில் ஒரு மாட்சா லாட்டேக்கு வாங்குகிற காசைச் சொல்லவில்லை, அது தனிக் கொள்ளை. வரலாற்றையே பாருங்கள். பதினாறாம் நூற்றாண்டுப் போர்த்தலைவர் ஓதா நொபுனாகா நல்ல தேநீர்ப் பாத்திரங்களைத் தேடித் தேடிக் கைப்பற்றினார், போரில் ஜெயித்துக் கொடுத்த தளபதிகளுக்கு நிலத்துக்குப் பதில் தேநீர் ஜாடி கொடுத்தார். அவருக்கு அடுத்து ஆட்சியைப் பிடித்த ஹிதெயோஷி முழுக்கத் தங்கத்தகடு போர்த்திய தேநீர் அறை ஒன்றைக் கழற்றி மாட்டுகிற மாதிரிச் செய்து, 1586இல் அரண்மனைக்கே கொண்டுபோய்ப் பேரரசருக்குக் காட்டினார். எளிமை நாயகர் ரிக்யூ யாரிடம் சம்பளம் வாங்கினார்? இந்த இரண்டு பேரிடமும்தான்.

குட்டி வாசல் கதையும் எல்லோரும் சொல்வார்கள்: தேநீர் அறைக்கு இரண்டடி சொச்சம் உயரத்தில் ஒரு திறப்பு, சாமுராயும் வாளை வெளியே வைத்துவிட்டுத் தவழ்ந்துதான் உள்ளே வர வேண்டும், உள்ளே எல்லோரும் சமம். சமமாம். அப்படிக் குனிந்து போய்வந்த ஹிதெயோஷிதான் 1591இல் ரிக்யூவை வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாகச் சொன்னது. "இந்தச் சந்திப்பு வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் என்று நினைத்து நடந்துகொள்" என்று தேநீரைப் பற்றி எழுதிய இயி நாவொசுகே யார்? ஷோகுனின், அதாவது நாட்டை ஆண்ட ராணுவத் தலைவரின், தலைமை அமைச்சர், எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளித் தலை வாங்கியவர், 1860இல் எதோ நகர (இன்றைய டோக்கியோ) கோட்டை வாசலில் அவரையே வெட்டிப்போட்டார்கள். கிண்ணத்தைத் திருப்பத் தெரிந்ததால் இவர்களில் யார் திருந்தினார்கள்?

தங்கையிடம் போகாதே என்று சொல்லவில்லை. போய்க் குடித்துவிட்டு வாருங்கள். தத்துவத்தை மட்டும் முழுசாக விழுங்காதீர்கள்.

கியோட்டோ_ரிட்டர்ன் எழுதியது:

சந்தேகி சார், வரலாறு நீங்கள் சொன்னதுதான், அதில் சண்டைக்கு வரவில்லை. உள்ளே எல்லோரும் சமம் என்பதும் பாதிதான் சரி, முதல் விருந்தாளி, கடைசி விருந்தாளி என்று உட்காரும் வரிசை அன்றும் உண்டு, இன்றும் உண்டு. பள்ளிகளில் ஒவ்வொரு படிக்கும் சான்றிதழ், அதற்குக் கட்டணம், தலைமைப் பதவி பரம்பரையாகப் போவது, இதையெல்லாம் என் ஆசிரியையே முணுமுணுப்பார்.

ஆனால் ஹிதெயோஷியைப் பற்றிப் பாதிக் கதைதான் சொல்லியிருக்கிறீர்கள். 1587இல் கியோட்டோவின் கிதானோ கோயில் வளாகத்தில் பெரிய தேநீர்க் கூட்டம் நடத்தினார். வியாபாரி, விவசாயி யார் வேண்டுமானாலும் வரலாம், ஒரு கெட்டில், ஒரு வாளி, ஒரு கிண்ணம் போதும், தேயிலைத்தூள் வாங்க முடியாதவர் வறுத்த தானிய மாவைக் கரைத்துக் கொடுத்தாலும் சரி என்று அறிவிப்பு. பத்து நாள் என்று ஆரம்பித்து ஒரே நாளில் மூட்டை கட்டிவிட்டார், அது அவர் குணம். இருந்தாலும் வறுத்த மாவே போதும் என்று அந்த அறிவிப்பில் ஏறியதே, அந்த எண்ணம் தங்க அறையிலிருந்து வந்திருக்காது. ரிக்யூ கட்டியதாகச் சொல்லப்படும் அறைகளில் மிஞ்சியிருப்பது ஒன்றுதான், கியோட்டோவுக்கு அருகே யமசாகியில் தாயான். இரண்டு பாய் அளவு. மண்சுவர். அவர் விரும்பிய கருப்புக் கிண்ணங்களைச் சோஜிரோ என்பவர் சக்கரத்தில் சுற்றாமல் கையாலேயே பிடித்தார். அன்றைய பணக்காரர்கள் தூக்கிக் கொண்டாடிய சீனப் பீங்கானுக்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள், எசமான் ஹிதெயோஷிக்கு எரிச்சல் வந்திருக்கும்.

தேநீர் மனிதனைத் திருத்தும் என்று நான் சொல்லவே இல்லை. கொலைகாரன் நல்ல பாட்டும் பாடலாம். 2025 ஆகஸ்டில் 102 வயதில் மறைந்தாரே சென் கென்ஷிட்சு, உராசென்கேயின் 15ஆவது தலைவர், அவர் இரண்டாம் உலகப்போரில் கடற்படைத் தற்கொலை விமானப் பிரிவில் பயிற்சி பெற்றவர். புறப்படக் காத்திருந்த தோழர்களுக்கு முகாமிலேயே தேநீர் போட்டுக் கொடுத்திருக்கிறார். பலர் திரும்பவில்லை. பிழைத்த இவர் அப்புறம் வாழ்நாள் முழுக்க நாடு நாடாகப் போய்க் கிண்ணத்தை நீட்டினார். தேநீர் அந்தப் போரை நிறுத்தவில்லைதான். ஆனால் அந்த முகாமில் அவர் வேறு என்ன செய்திருக்க முடியும், சொல்லுங்கள்.

ரிக்யூவிடம் ஒருவர் இதன் ரகசியம் என்ன என்று கேட்டாராம். தண்ணீர் கொதிக்கும்படி கரி அடுக்கு, பூவை வயலில் இருந்தபடி வை, கோடையில் குளுமை, குளிரில் கதகதப்பு, நேரத்துக்கு முன்பே தயாராக இரு, மழை இல்லாவிட்டாலும் குடை எடு, கூட இருப்பவர் மேல் மனசு வை, குடிக்கிற மாதிரித் தேநீர் போடு. இதுதான் பதில். இது எனக்கே தெரியுமே என்றாராம் வந்தவர். இதைச் செய்துகாட்டு, நான் உனக்குச் சீடனாகிறேன் என்றாராம் ரிக்யூ.

முன்பே தயார் என்பதை நீங்களும் கவனியுங்கள் வாசகி. கால் மணி நேரம் முன்னாலேயே போய்விட வேண்டும். வைட்ஃபீல்டிலிருந்து ஹெப்பாலுக்கு ரிங் ரோடில் போனால் கதை உங்களுக்கே தெரியும். குடையும்தான், இந்த ஊர் மழையை நம்ப முடியாது.

வைட்ஃபீல்ட்_வாசகி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. சந்தேகி சார் சொன்னதை மேனேஜரிடம் மட்டும் கேட்க மாட்டேன்! முழங்காலுக்குத்தான் யாரும் வழி சொல்லவில்லை. அப்புறம் இந்த மாட்சாவை வீட்டில் முன்கூட்டியே போட்டுக் குடித்துப் பழகலாமா, அங்கே போய் முகம் சுளிக்காமல் இருக்க?

பானஸ்வாடி_டீக்காரன் எழுதியது:

முழங்காலுக்கு நான் சொல்கிறேன், எனக்கும் அதே வியாதி. அந்த அம்மாவிடம் இன்றே சொல்லிவிடுங்கள், கடைசி நிமிடத்தில் நெளிந்தால்தான் அவருக்குச் சங்கடம். அங்கே மண்டியிட்டுக் குதிகால் மேல்தான் உட்கார வேண்டும்; பிட்டத்துக்கும் குதிகாலுக்கும் நடுவில் வைக்கிற குட்டி முக்காலி ஒன்று உண்டு, ஜப்பானியர்களே வைத்துக்கொள்கிறார்கள். அதுவும் முடியாவிட்டால் மேசை நாற்காலி முறையும் இருக்கிறது, ரியூரேய் என்று பெயர். 1872இல் கியோட்டோ கண்காட்சிக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தபோது உராசென்கேயின் அன்றைய தலைவர் உருவாக்கியது. நாற்காலி கேட்டால் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

வீட்டில் போட: லாட்டேக்கு என்று விற்கிற தூள் வேண்டாம், கசந்து கொல்லும். கியோட்டோவுக்கு அருகே உஜி பக்கம் நல்ல மாட்சாவுக்குப் பறிப்பதற்கு முன் மூன்று வாரம்போலச் செடியைப் பந்தல் போட்டு நிழலில் வைப்பார்கள், அதில்தான் இனிப்பும் அந்தப் பச்சையும் வருகிறது. கல் இயந்திரத்தில் ஒரு மணி நேரம் அரைத்தால் நாற்பது கிராம்தான் விழும், விலை ஏன் என்று அதிலேயே புரியும். சின்ன டின் போதும், திறந்தால் சீக்கிரம் தீர்த்துவிடுங்கள். இரண்டு கிராம் தூளைச் சலித்துப் போட்டு, 80 டிகிரி வெந்நீர் எழுபது மில்லி ஊற்றுங்கள். கொதிக்கக் கொதிக்க ஊற்றக் கூடாது. நம் போர்வெல் தண்ணீர் உப்பு ருசியைக் கெடுத்துவிடும், ஃபில்டர் தண்ணீர்தான் சரி. மத்தைக் கிண்ணத்தின் அடியில் தேய்க்காமல், மணிக்கட்டால் முன்னும் பின்னும் வேகமாக அடித்தால் நுரை வரும். மத்துக்குச் சோப்பு காட்டாதீர்கள். வெறும் வயிற்றில் குடிக்காதீர்கள், குமட்டும்.

வெள்ளை சாக்ஸ் ஒரு ஜோடி பையில் கொண்டுபோங்கள், பாயில் கால் வைக்கும் முன் மாட்டிக்கொள்ள. புதிதாக இருந்தால் நல்லது. சிவாஜிநகரில் ஸ்கூல் யூனிஃபார்ம் கடைகளில் கிடைக்கும், பெரிய சைஸ் என்று கேட்டு வாங்குங்கள்.