'வளத் திட்டமிடல்' வேண்டாம்; 'மின்னிறைவுத் திட்டம்' எனலாமா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம்.

மின்பகிர்மான நிறுவனம் அடுத்த பத்தாண்டுகளுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அதை எப்படித் திரட்டுவது என்று வகுக்கும் திட்டத்துக்கு 'ஒருங்கிணைந்த வளத் திட்டமிடல்' (Integrated Resource Planning) என்ற பெயரை நம் குழுவில் ஐயா ஒருவர் முன்மொழிந்திருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. 'வளம்' என்றதும் நிலக்கரி, காற்று, வெயில் என்றே எண்ணம் ஓடும். இத்திட்டத்தில் மிச்சப்படுத்தும் மின்சாரத்துக்கும் அதே மதிப்பு உண்டு. 2024 மே 2 அன்று தமிழ்நாட்டின் உச்சத் தேவை, அதாவது ஒரே நேரத்தில் தேவைப்பட்ட மின்சாரத்தின் உச்ச அளவு, 20,830 மெகாவாட்டாக உயர்ந்தது. அதற்கு ஈடுகொடுக்க வடசென்னையில் 800 மெகாவாட் அனல்மின் அலகு கட்டுவது ஒரு வழி. வீடுகளிலும் அலுவலகங்களிலும் குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏசிகளைப் பரவலாக்கித் தேவையையே தணிப்பது இன்னொரு வழி. இரண்டையும் அருகருகே வைத்துச் செலவு பார்ப்பதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்.

'தன்னிறைவு' எல்லோருக்கும் பழகிய சொல். அதைப்போல 'மின்னிறைவு' என்று புனையலாம். மத்திய மின்துறை அமைச்சகம் 2023 ஜூனில் வெளியிட்ட நெறிமுறைகள், பகிர்மான நிறுவனங்கள் பத்தாண்டுத் திட்டம் வகுத்து ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்கின்றன. அவை வலியுறுத்துவதும் தேவைக்குப் போதிய மின்சாரத்தை முன்கூட்டியே உறுதிசெய்வதைத்தான். 'நிறைவு' அதற்கு அப்படியே பொருந்துகிறது.

அடுத்தது, இத்திட்டத்தை வகுப்பதில் மக்கள் பங்கேற்பதைக் குறிக்கும் சொல். இங்கேதான் எனக்குக் கவலை அதிகம். 'கருத்துக்கேட்பு' என்றே எழுதிவிடலாம் என்று சிலர் சொல்கிறீர்கள். கருத்துக்கேட்பு நமக்குப் புதிதல்ல. மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 64-இன்படி, கட்டண மனு மீது மக்களின் ஆலோசனைகளையும் மறுப்புகளையும் பரிசீலித்த பிறகே மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஆணையிட வேண்டும். 2022 ஆகஸ்டில் சென்னை கலைவாணர் அரங்கில் நடந்த கூட்டம் அப்படிப்பட்டதே. ஆனால் அங்கே மேசைக்கு வருவது கட்டணம். எந்த மின்நிலையம் கட்டுவது, எத்தனை ஆண்டுகளுக்கு மின்சாரம் வாங்க ஒப்பந்தம் போடுவது என்பவை வெகுமுன்பே முடிவாகி, அவற்றின் செலவுதான் கட்டணமாக வந்து நிற்கும். அந்நிலையில் எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிவதைப் பற்றி ஒரு மீனவர் எழுந்து பேசினாலும் அலகு இடம் மாறாது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் மின்நிறுவனம் திட்டத்தைத் தயாரிக்கும்போதே மக்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். இறுதித் திட்டத்தைத் தாக்கல் செய்யுமுன் வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தேவை எவ்வளவு வளரும் என்ற அனுமானத்தையே அங்கே ஒருவர் கேள்வி கேட்கலாம். இதைக் 'கருத்துக்கேட்பு' என்றால், முடிவெடுத்த பின் கேட்பதும் முடிவெடுக்குமுன் கூடி அமர்வதும் ஒன்றாகிவிடும்.

ஆகவே 'வரைவுநிலைப் பங்கேற்பு' என்று முன்மொழிகிறேன். நீளம் என்று தோன்றினால் 'வரைவுப் பங்கேற்பு' எனச் சுருக்கலாம். 'வரைவு' மட்டும் விட்டுப்போகக் கூடாது. அடையாறிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு குடியிருப்போர் நலச்சங்கம் ஆணையத்துக்கு மனு எழுதும்போது கூச்சமின்றிக் கையாளக்கூடிய வேறு சொல் இருந்தால் எழுதுங்கள்.