பழைய எட்டுத் தட டிஜிட்டல் ரெக்கார்டரில் ஹார்ட் டிஸ்க்கை மாற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் இசைக்குழுவிடம் 1990களில் வெளிவந்த ரோலண்ட் விஎஸ்-880 ரெக்கார்டர் ஒன்று இருக்கிறது. அதனுள் இருப்பது 2.5 அங்குல ஐடிஇ (பழைய கணினிகளில் இருந்த இணைப்பு வகை) ஹார்ட் டிஸ்க். அண்மைக் காலமாகக் கருவியை இயக்கியதும் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது கீச்சென்று ஓசை எழுகிறது. சில நேரங்களில் இரண்டாம் முறை இயக்கினால்தான் பாடல் பட்டியல் திரையில் தோன்றுகிறது. ஃபேடர்கள், உள்ளீடுகள், எஃபெக்ட்கள் எல்லாம் நல்ல நிலையில் இருப்பதால் கருவியைக் கைவிட மனமில்லை. டிஸ்க்கை எடுத்துவிட்டு அடாப்டர் வழியாக ஒரு சிஎஃப் கார்டை (காம்பேக்ட் ஃபிளாஷ் நினைவக அட்டையை) பொருத்தலாம் என்று நினைக்கிறேன். அது எட்டுத் தடங்களின் (தனித்தனி ஒலிப்பதிவுகளின்) வேகத்துக்கு ஈடுகொடுக்குமா? வேறெங்கும் நகல் இல்லாத பழைய பதிவுகள் அந்த டிஸ்க்கில் உள்ளன; அவற்றை எப்படிப் புதிய கார்டுக்குக் கொண்டுவருவது?

முதல் பதில்

கார்டைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் அந்த டிஸ்க்கை மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள். சுழலத் திணறும் டிஸ்க்குக்கு ஒவ்வொரு தொடக்கமும் ஒரு சோதனை. அடுத்த முறை அது இயங்கும்போது, அந்த நேரம் முழுவதும் நகலெடுப்பதற்கே பயன்பட வேண்டும்.

டிஸ்க்கைக் கழற்றி, ஐடிஇயை யுஎஸ்பியாக மாற்றும் அடாப்டர் ஒன்றின் வழியாக லினக்ஸ் கணினியில் இணையுங்கள். ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருள், எளிதில் படிக்க முடிந்த பகுதிகளை முதலில் எடுத்துக்கொண்டு, தகராறு செய்யும் பகுதிகளுக்குப் பிறகே திரும்பி வரும். எதுவரை படித்தது என்பதைத் தனிக் கோப்பில் குறித்துவைப்பதால், நடுவில் டிஸ்க் நின்றுபோனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். விண்டோஸ் கணினியைத் தவிர்ப்பது நல்லது. விஎஸ் கருவியின் வட்டமைப்பு (டிஸ்க்கில் கோப்புகளை அடுக்கும் முறை) அதற்குப் புரியாததால், டிஸ்க்கை ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும்; அந்தக் கேள்விக்குத் தவறுதலாகக் கொடுத்த ஒரு ஒப்புதல் போதும், பாடல் பட்டியல் போய்விடும்.

நகல் கோப்பு கிடைத்ததும், அதை இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, பிறகே அடுத்த வேலையைத் தொடங்குங்கள். அந்தக் கோப்பைக் கணினியில் திறந்து நேரடியாகக் கேட்க முடியாது. விஎஸ் கருவிகள் பெரும்பாலான பதிவு முறைகளில் ஆர்டாக் எனப்படும் ரோலண்டின் சொந்தச் சுருக்க முறையைப் பயன்படுத்துகின்றன. ஆகையால் அந்தப் பதிவுகளுக்கு இப்போதைக்கு உயிர் கொடுக்கக்கூடியது உங்கள் கருவியே என்று எண்ணிச் செயல்படுங்கள்.

இரண்டாம் பதில்

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கார்டைப் பற்றிய பகுதியை நான் சொல்கிறேன்.

வேகம் குறித்துக் கவலை வேண்டாம். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் அளவில் (ஆடியோ சிடியின் தரம்), சுருக்கமே இல்லாமல் எட்டுத் தடங்கள் ஓடினாலும் நொடிக்குச் சுமார் 0.7 எம்பிதான் ஆகிறது. சிக்கல் வருவது வேறோர் இடத்தில். ரெக்கார்டர் ஒவ்வொரு தடத்துக்கும் சிறு சிறு துண்டுகளாக, டிஸ்க்கின் வெவ்வேறு இடங்களில் மாறி மாறி எழுதுகிறது. மலிவான கார்டுகள் பெரிய கோப்பு ஒன்றைத் தொடர்ச்சியாக எழுதும்போது விரைவாக இருந்தாலும், இத்தகைய சிதறிய எழுத்தின் நடுவே ஒரு கணம் தயங்கி நிற்கும். அந்தத் தயக்கத்தைக் கருவியின் சிறிய பஃபர் (தற்காலிக நினைவகம்) தாங்காவிட்டால் பதிவு பாதியில் நின்றுவிடும். எனவே கார்டின் மேல் அச்சிட்டிருக்கும் உச்ச வேகத்தைப் பார்த்து வாங்காதீர்கள். தொழிற்துறைப் பயன்பாட்டுக்கென விற்கப்படும் எஸ்எல்சி வகை (ஒரு நினைவகச் செல்லில் ஒரு பிட் மட்டும் சேமிக்கும்) சிஎஃப் கார்டைத் தேடுங்கள். அது தன்னை நிலையான டிஸ்க்காக அறிவித்துக்கொள்ளும் வகையாகவும் இருக்க வேண்டும். கழற்றக்கூடிய ஊடகமாக அறிவித்துக்கொள்ளும் கார்டைச் சில கருவிகள் ஏற்பதில்லை. கொள்ளளவில் பேராசை வேண்டாம். இந்தக் கருவி டிஸ்க்கை 2 ஜிபிக்கு மேற்படாத பகிர்வுகளாகத்தான் (பார்ட்டிஷன்களாகத்தான்) பிரிக்கிறது, பகிர்வுகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. ஆகவே பெரிய கார்டின் பெரும்பகுதி பயனின்றிக் கிடக்கும்.

அடாப்டரைப் பொருத்தும்போது நிதானம் தேவை. 2.5 அங்குல டிஸ்க்கின் பின்புறத்தை உற்றுப் பார்த்தால், 44 பின்கள் வரிசையாக நிற்பதும், ஒரு சிறு இடைவெளிக்குப் பின் நான்கு பின்கள் தனியாக நிற்பதும் தெரியும். அந்த நான்கும் ஜம்பருக்கானவை (டிஸ்க்கின் அமைப்பைத் தேர்வதற்கான சிறு இணைப்பி). பல அடாப்டர்களில் இந்த இடைவெளி இல்லாததால், கேபிளை ஒரு வரிசை தள்ளியோ தலைகீழாகவோ சொருகிவிட வாய்ப்பு அதிகம். 41 முதல் 44 வரையுள்ள பின்களில்தான் 5 வோல்ட் மின்சாரமும் அதன் தரையிணைப்பும் வருகின்றன. இடம் மாறினால் கார்டும் போகும், சில சமயம் கருவியின் மின்சுற்றுப் பலகையும் போகும். கேபிளின் ஓரத்திலுள்ள வண்ணக் கோடு முதல் பின்னின் பக்கம் வர வேண்டும். அடாப்டரில் 3.3 அல்லது 5 வோல்ட் என்று தேர்வு இருந்தால் 5 வோல்ட்டில் வையுங்கள்; மாஸ்டர் (முதன்மை டிஸ்க்), ஸ்லேவ் (துணை டிஸ்க்) ஜம்பர் மாஸ்டரில் இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: நகல் கோப்பை அப்படியே சிஎஃப் கார்டில் எழுதினால் கருவி அதை ஏற்குமா, அல்லது கார்டைக் கருவியிலேயே இனிஷியலைஸ் (கருவியின் வட்டமைப்புக்கு ஏற்பத் தயார்) செய்ய வேண்டுமா?

இரண்டாம் பதிலளித்தவர்

இரண்டையும் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் வெற்றுக் கார்டைக் கருவியில் இனிஷியலைஸ் செய்து, எட்டுத் தடங்களையும் நிரப்பும்படி ஒரு நீண்ட சோதனைப் பதிவை உருவாக்கிப் பாருங்கள். அது தடங்கலின்றி ஓடினால், கார்டும் அடாப்டரும் கருவிக்கு ஒத்துவருகின்றன என்பது உறுதியாகும். அதன் பிறகே நகல் கோப்பை முதல் செக்டரிலிருந்து, அதாவது கார்டின் தொடக்கத்திலிருந்தே, எழுதுங்கள். கார்டின் கொள்ளளவு பழைய டிஸ்க்கைவிடக் குறையக் கூடாது. பாடல் பட்டியல் தோன்றினால், கருவியின் ஸ்கஸி வாயிலில் (வெளிக் கருவிகளை இணைக்கும் பழைய வகை இணைப்பு) ஒரு வெளி டிஸ்க்கை இணைத்துப் பாடல்களை அதில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். பட்டியல் தோன்றாவிட்டாலும் கலங்க வேண்டாம்: கோப்பு பத்திரமாக இருக்கும்வரை வேறொரு கார்டிலோ பழைய டிஸ்க்கிலோ மீண்டும் எழுதிப் பார்க்கலாம்.

மூன்றாம் பதில்

நான் அலெசிஸ் எச்டி24 என்ற 24 தட ரெக்கார்டரைப் பயன்படுத்துகிறேன். அதில் 3.5 அங்குல ஐடிஇ டிஸ்க்குகள் கழற்றி மாட்டும் பெட்டிகளில் இருக்கும். எஃப்எஸ்டி என்ற தனி வட்டமைப்பு. 24 தடங்கள், 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் நொடிக்கு ஏறத்தாழ 3.5 எம்பி ஆகிறது. அதனால் மேலே சொன்ன தயக்கப் பிரச்சினை அங்கே இன்னும் கூர்மையாகத் தெரியும். உங்கள் கருவிக்கும் பொருந்தும் ஒன்றைச் சொல்கிறேன். ஃபிளாஷ் நினைவகம் மின்சாரமின்றி ஆண்டுக்கணக்கில் கிடந்தால், அதில் சேமித்த மின்னூட்டம் மெல்லக் கசிந்து தரவு கெடக்கூடும். எனவே கார்டை வேலை செய்யும் தளமாக மட்டும் கருதுங்கள். கருவியிலிருந்து ஒவ்வொரு தடத்தையும் டிஜிட்டல் வெளியீட்டின் வழியாகக் கணினியில் பதிந்து, வேவ் கோப்புகளாகவும் சேமித்துவிடுங்கள். எல்லாத் தடங்களையும் பாடலின் தொடக்கப் புள்ளியிலிருந்தே ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒரு கூர்மையான தட்டலொலியை எல்லாத் தடங்களிலும் சேர்த்துவிட்டால், பிறகு கணினியில் அவற்றை ஒன்றோடொன்று சரியாகப் பொருத்திக்கொள்ளலாம்.