காருக்கான முக அடையாளப் பூட்டு: ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்குள் இருக்கும் சாவியின் ரேடியோ சமிக்ஞையை வாசலிலிருந்தே பிடித்துக் காருக்குக் கடத்தி, கண்ணாடியைக்கூட உடைக்காமல் வண்டியை ஓட்டிச் செல்லும் திருட்டைத் தடுக்க, ஓட்டுநரின் முகத்தை உறுதிசெய்த பிறகே ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் செல்லும்படி ராஸ்பெர்ரி பை (Raspberry Pi) என்ற சிறு கணினியில் ஓர் அமைப்பை உருவாக்கி வருகிறேன். பகலில் நன்றாக இயங்கும் அது, டாஷ்போர்டு வெளிச்சம் மட்டும் தாடையில் விழும் இரவு நேரத்தில் என்னையே மறுத்துவிடுகிறது. அதைவிடக் கவலை தருவது, கைபேசித் திரையில் காட்டிய என் புகைப்படத்தை அது ஏற்றுக்கொண்டதுதான்.

ஜெனிசிஸ் ஜிவி60 காரில் உள்ளதுபோல அகச்சிவப்புக் கேமராவுக்கு மாறினால் இருட்டுச் சிக்கல் தீரும், கைபேசித் திரையும் அதில் கருப்பாகவே தெரியும். ஆனால் தாளில் அச்சிட்ட படத்தை எவ்வாறு பிரித்தறிவது? கண்ணிமைப்பைச் சோதித்தால் போதுமா, ஆழத்தை அளக்கும் கேமரா வேண்டுமா? அந்தக் கேமராவுக்காக முகத்தில் அகச்சிவப்பு ஒளி பாய்ச்சும் 850 நானோமீட்டர் எல்இடி விளக்கை ஓட்டுநரின் கண்ணுக்குத் தீங்கின்றிப் பொருத்திய அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து வழிகாட்டுங்கள்.