12 வருஷம் நின்ற காஸ்ட் அயர்ன் புல்லட் 350: முதல் கிக்குக்கு முன்னாடி என்ன செய்யணும்?

பழைய350 (கேள்வி)

வணக்கம் நண்பர்களே. 1986 மாடல் புல்லட் 350, காஸ்ட் அயர்ன் (வார்ப்பிரும்பு) என்ஜின். நாலு கியர், வலது கால் கியர், பாயின்ட் செட் (ஸ்பார்க்கை மூடித் திறந்து விடற பழைய ஸ்விட்ச்). பின்னாடி 12 வோல்ட்டுக்கு மாத்தியிருக்கு. ஓட்டுக் கொட்டகையில் தார்ப்பாய் மூடி 12 வருஷமா நிக்குது. இப்போ நிலவரம் இது:

கிக்கர் இறங்கவே இல்லை, கல் மாதிரி நிக்குது. கியரில் போட்டா கிளட்ச் பிடிச்சாலும் பின் சக்கரம் சுத்தலை. டேங்கில் பாதிக்கு மேல பழைய பெட்ரோல், வார்னிஷ் வாசனை அடிக்குது, டார்ச் அடிச்சா உள்ளே செந்துரு தெரியுது. ஆயில் டிப்ஸ்டிக்கில் சுத்தமா ஆயில் இல்லை. 20டபிள்யூ50 ரெண்டு லிட்டர் வாங்கி வெச்சிருக்கேன், இன்னும் ஊத்தலை.

ஆயில் மாத்தி, ரெண்டாவது கியர்ல நாலு பேர் தள்ளினா தானா விட்டுடும்னு இங்க ஒரு மெக்கானிக் சொல்றார். செய்யலாமா? இல்லை என்ஜினை முழுசா பிரிச்சுத்தான் ஆகணுமா? பெயின்ட், க்ரோம் எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். என்ஜின் கெடக்கூடாது, அதுதான் முக்கியம்.

இரும்பு_என்ஜின்

தள்ள வேண்டாம். வாங்கி வைத்த ஆயிலையும் இப்போது ஊற்ற வேண்டாம்.

ஆயில் எங்கும் போகவில்லை. புல்லட்டில் ஆயில் டேங்க் தனியாக இல்லை, கிராங்க்கேஸோடு சேர்த்து வார்த்தது. வண்டி மாதக்கணக்கில் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும். 12 வருஷத்தில் மொத்தமும் இறங்கியிருக்கும். டிப்ஸ்டிக் காய்ந்திருப்பதைப் பார்த்து மேலே 2 லிட்டர் ஊற்றினால் என்ஜினுக்குள் மொத்தம் 4 லிட்டர் ஆகிவிடும். பிறகு கிக் அடிக்கும்போது கிராங்க் சக்கரங்கள் ஆயிலில் மூழ்கிச் சுற்றும், பிரீதர் வழியாக ஆயில் பீய்ச்சும், கேஸ்கெட் வழியெல்லாம் ஒழுகும், சைலன்சரில் வெள்ளைப் புகை மூட்டம் கிளம்பும். ரிங் போய்விட்டது என்று நினைத்து நல்ல என்ஜினைப் பிரித்தவர்கள் நிறைய.

கிராங்க்கேஸ் அடியில் ஆயில் டேங்குக்கு ஒரு ட்ரெயின் பிளக், கிராங்க் அறைக்கு ஒன்று. இரண்டையும் கழற்றி ஒரு ராத்திரி வடிய விடுங்கள். வடிந்ததை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். பால் கலந்த மாதிரி இருந்தால் தண்ணீர் இறங்கியிருக்கிறது. உலோகத் துகள் மினுங்கினால் பிக் எண்ட் (கனெக்டிங் ராட் கிராங்கில் மாட்டும் கீழ் முனை) புஷ் தேய்ந்திருக்கலாம். அப்போது என்ஜினைப் பிரிக்கத்தான் வேண்டும். வெறும் கறுப்பு ஆயில் என்றால் நல்ல செய்தி. கிராங்கும் பிக் எண்டும் இத்தனை வருஷமும் ஆயிலில் ஊறிப் பத்திரமாக இருந்திருக்கின்றன. இந்த மாதிரி வண்டியில் துரு பெரும்பாலும் மேலே, சிலிண்டர் சுவரில், ரிங் உட்கார்ந்த இடத்தில்தான் பிடிக்கும்.

அடுத்து ஜாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் ஏடிஎஃப் ஆயிலும் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்) பாதிக்குப் பாதி கலந்து 50 மி.லி. போரில் (சிலிண்டர் துளையில்) விடுங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டில் நேராக நிற்கட்டும். மறுநாள் இன்னொரு 20 மி.லி. மூன்று நாள் கையே வைக்கக் கூடாது.

பிறகு கிக்கரைத் தொடாதீர்கள். கிக்கரில் ஏறி மிதித்தால் உடைவது கிக்கர் பல்லும் அதில் மாட்டும் கொக்கியும்தான், பிஸ்டன் அசையாது. டாப் கியரில் போட்டுப் பின் சக்கரத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அரை அங்குலம் அசையுங்கள். கிளட்ச் ஒட்டியிருப்பது இப்போதைக்கு உங்களுக்குச் சாதகம், சக்கரத்தின் அசைவு வழுக்காமல் நேராகக் கிராங்குக்குப் போகும். கொஞ்சம் அசைந்தாலும் அங்கேயே நிறுத்தி, இன்னும் கொஞ்சம் கலவை விட்டு, ஒரு நாள் காத்திருங்கள். முழுச் சுற்று வரப் பொறுமை வேண்டும். ஒரே மூச்சில் இழுத்தால் துருவில் ஒட்டிய ரிங் ஒடிந்து போரைக் கீறிவிடும்.

முழுச் சுற்று சுற்றுவதற்கு முன் இரண்டு ராக்கர் கவரையும் திறந்து வால்வு தண்டில் சில சொட்டு ஆயில் விடுங்கள். சுற்றும்போது இரண்டு வால்வும் இறங்கி, முழுசாகத் திரும்பி ஏறுகிறதா என்று கண்ணால் பாருங்கள். கைடில் ஒட்டிய வால்வைக் கட்டாயப்படுத்தினால் அதைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளைந்துவிடும்.

பத்து நாளிலும் அசையவில்லையென்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் மட்டும் கழற்றுங்கள். கீழ்ப் பாதியைப் பிரிக்க அவசியமில்லை. போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90. நகத்தில் தட்டாத கறை என்றால் ஹோனிங் (உள்சுவரை லேசாகத் தேய்த்தல்) போதும். நகம் மாட்டுகிற குழி இருந்தால் ரீபோர் செய்து (துளையைக் கடைந்து பெரிதாக்கி) ஓவர்சைஸ் பிஸ்டன் போட வேண்டும். புது ரிங்கைத் தனியாகப் போருக்குள் நேராக வைத்து அதன் வாய் இடைவெளியை அளந்த பிறகே பிஸ்டனில் மாட்டுங்கள். அங்குல விட்டத்துக்கு 4 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று) என்ற கணக்கில் இந்தப் போருக்கு 11 தௌ, அதாவது ஏறக்குறைய 0.28 மி.மீ. சிலிண்டர் வெளியே இருக்கும்போதே கனெக்டிங் ராடைப் பிடித்து மேலும் கீழும் இழுத்துப் பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடலாம், மேல் கீழ் ஆட்டம் துளியும் இருக்கக் கூடாது.

ஷெட்_மேஜை

மேலே சொன்னது எல்லாம் சரி. ஒண்ணு சேர்க்கணும், அது இந்த என்ஜினோட உயிர்நாடி.

காஸ்ட் அயர்ன் புல்லட்ல பிக் எண்ட் ரோலர் பேரிங் இல்லை, மிதக்கிற புஷ். ஆயில் அழுத்தத்தில் வந்தாத்தான் அது வாழும். அந்த ஆயில் டைமிங் கவர் வழியா கிராங்க் முனைக்குள்ள போகுது. அந்த இடத்தில் கவருக்குள்ள சின்னதா ஒரு கார்க் சீல் இருக்கும். 12 வருஷம் நின்ன வண்டியில் அந்தக் கார்க் காய்ஞ்சு சுருங்கியிருக்கும். சுருங்கினா பம்ப் எவ்வளவு தள்ளினாலும் ஆயில் சீலைச் சுத்தி வழிஞ்சு கிராங்க் அறை அடிக்கே போயிடும். வண்டி ஸ்டார்ட் ஆகும், சத்தமும் நல்லா இருக்கும், கொஞ்ச தூரத்தில் பிக் எண்ட் தட்ட ஆரம்பிக்கும். விலை ரொம்பக் கம்மியான சாமான், அதை மாத்தாம கிக் அடிக்காதீங்க.

டைமிங் கவரைக் கழட்டறப்போ கீழே தட்டு வைங்க, ஆயில் கொட்டும். புது கார்க்கை ஆயிலில் ஒரு ராத்திரி ஊறப் போட்டு மாட்டுங்க. உள்ளே கிராங்க் முனையில் இருக்கிற, பம்பைச் சுத்தற வார்ம் நட்டு இடப்புரி, ஞாபகம் இருக்கட்டும். வலப்புரின்னு நினைச்சு நீளக் குழாய் போட்டுத் திருகினா இன்னும் இறுகி, கடைசியில் புரியே போயிடும். அதைத் தொட வேண்டிய வேலை இல்லைன்னா தொடாதீங்க. பம்ப் மூடிகளையும் திறந்து டிஸ்க் முகத்தில் கீறல் இருக்கான்னு பாருங்க. ஃபெல்ட் ஃபில்டர் புதுசு போடுங்க, ஃபில்டர் குழியை ஆயிலால் நிரப்பிட்டு மூடுங்க. காலியா மூடினா அந்தக் காத்துப் போற வரைக்கும் பிக் எண்டுக்கு ஆயில் வராது.

இதெல்லாம் முடிஞ்சப்புறம்தான் உங்க 2 லிட்டர். மொத்தமா ஊத்தாம டிப்ஸ்டிக் பாத்துப் பாத்து ஊத்துங்க.

அடுத்து, ஸ்டார்ட் பண்ணாம ஆயில் ஏத்தறது. பிளக் வெளியே, இக்னிஷன் ஆஃப். ஹெட்டுக்குப் போற ராக்கர் ஆயில் பைப்போட பேஞ்சோ போல்ட்டை (நடுவில் ஆயில் போற துளை உள்ள போல்ட்) ஒரு சுத்து தளர்த்தி வெச்சுக்கிட்டு கிக்கரை நிதானமா மிதிங்க. பம்ப் மெதுவாத்தான் சுத்தும், அதனால 30, 40 கிக் ஆகும். அங்க ஆயில் கசிஞ்சு வந்தா போல்ட்டை இறுக்கிடலாம். வரலைன்னா ஸ்டார்ட் பண்ணக் கூடாது, எங்க அடைப்புன்னு தேடணும்.

கிளட்ச்: இடது பக்க செயின் கேஸ் மூடியை ஒரே பெரிய நட்டுதான் பிடிச்சிருக்கும். கழட்டி பிளேட்டுகளை ஒவ்வொண்ணாப் பிரிங்க, மண்ணெண்ணெயில் கழுவி, ஸ்டீல் பிளேட்டைக் கண்ணாடி மேல வெச்சு வளைவு பாருங்க. திரும்ப மூடறப்போ புது ரப்பர் வளையம் போட்டு நட்டை மிதமா இறுக்கினா போதும். ஒழுகுதுன்னு இன்னும் இறுக்கறாங்க பாருங்க, அதனாலதான் ரப்பர் பிதுங்கி இன்னும் ஒழுகுது.

பாயின்ட்செட்

பெட்ரோல், கரண்ட் ரெண்டையும் நான் சொல்கிறேன்.

டேங்கைத் தனியாகக் கழற்றிப் பழைய பெட்ரோலை முழுக்க வடித்துவிடுங்கள். புதுப் பெட்ரோல் கலந்து சமாளிக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம், அந்தப் பிசின் இன்டேக் வால்வு தண்டில் ஒட்டினால் வால்வு ஜாம் ஆகும். துருவுக்கு சிட்ரிக் அமிலம் போதும்: வெதுவெதுப்பான தண்ணீர் லிட்டருக்கு 100 கிராம். பெட்ரோல் காக் (டேங்க் அடியில் உள்ள திருகு குழாய்) ஓட்டையை அடைத்து டேங்க் கழுத்து வரை நிரப்பி 24 மணி நேரம். கை நிறைய சின்ன நட்டுகளை எண்ணிப் போட்டுக் குலுக்கினால் செதில் கழலும். எண்ணியபடி வெளியே எடுங்கள். அமிலத்தைக் கொட்டியதும் சமையல் சோடா கரைத்த தண்ணீர், பிறகு இரண்டு முறை நல்ல தண்ணீர். உடனே வெயிலிலோ ஹேர் ட்ரையரிலோ காயவைத்து, அரை லிட்டர் பெட்ரோலில் 50 மி.லி. என்ஜின் ஆயில் கலந்து உள்ளே எல்லாப் பக்கமும் படும்படி உருட்டுங்கள். காயவைத்து அப்படியே விட்டால் ஒரு மணி நேரத்தில் மறுபடி செந்துரு பூக்கும். கழிவறை கழுவும் ஆசிட் மட்டும் ஊற்றாதீர்கள், அது துருவோடு தகட்டையும் தின்னும். மடிப்பு வெல்டிங்கில் ஊசி ஓட்டை விழும்.

டேங்குக்கு உள்ளே பூசும் கோட்டிங் ஓட்டை இல்லாத டேங்குக்கு வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சரியாக ஒட்டாத கோட்டிங் எத்தனால் கலந்த பெட்ரோலில் தோல் மாதிரி உரிந்து பெட்ரோல் காக்கின் வழியை அடைக்கும். இப்போது பங்கில் கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய ரப்பர் ஹோஸ், காக் வாஷர், மிதவை ஊசியின் ரப்பர் நுனி எல்லாம் அதில் ஊதிக் கெடும், மூன்றையும் மாற்றுங்கள். எத்தனால் தண்ணீரை இழுக்கும் என்பதால் வண்டி ஒரு மாதம் நிற்கப் போகிறது என்றால் பெட்ரோல் காக்கின் திருகை மூடி கார்ப்ரேட்டர் காயும்வரை ஓட விடுங்கள்.

கார்ப்ரேட்டரில் மெது ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்தான் முதலில் அடைபடும். இரும்புக் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், துளை பெரிதானால் ஜெட் வீண். மின்வயரின் ஒற்றைச் செப்பு இழை, கார்ப் கிளீனர், காற்று, இவ்வளவுதான். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து வையுங்கள், நுணுக்கம் என்ஜின் சூடான பிறகு.

ஸ்பார்க் வரவில்லை என்றால் காயிலைக் குறை சொல்லாதீர்கள். நின்ற வண்டியில் பத்துக்கு ஒன்பது தடவை பாயின்ட் முகத்தில் படிந்த ஆக்சைடுதான் காரணம். 400 நம்பர் உப்புத்தாளை மடித்து இரண்டு இழுப்பு இழுத்து, பெட்ரோலில் நனைத்த விசிட்டிங் கார்டால் துடையுங்கள். தாளின் பொடி நடுவில் நின்றாலும் கரண்ட் பாயாது. இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ., பிளக் 0.45 முதல் 0.50. இடைவெளி வைத்த பிறகே டைமிங்: ஸ்பார்க்கை முன்தள்ளும் அட்வான்ஸ் முழுக்கத் திரும்பிய நிலையில், பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயின்ட் பிரிய வேண்டும். பாயின்டுக்குக் குறுக்கே ஒரு 12 வோல்ட் சின்ன பல்பு மாட்டினால் பிரியும் கணம் தெரியும். கண்டன்சரைச் சோதிக்காமல் மாற்றிவிடுங்கள். பாயின்டில் நீல வெள்ளையாகப் பெரிய பொறி பறந்தால், அல்லது வண்டி சூடானதும் நின்று ஆறியதும் கிளம்பினால், அதுதான் குற்றவாளி.

பேட்டரிக்குப் பக்கத்திலேயே 15 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று போடுங்கள். அம்மீட்டர் பின்னால் உள்ள நட்டுகளில் சாவி போடாமலே கரண்ட் இருக்கும். எலி கடித்த வயர் நாசல் (ஹெட்லைட்டும் மீட்டரும் உள்ள முன்கூடு) உடம்பில் உரசினால் நேராகத் தீ.

பழைய350

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. டிப்ஸ்டிக் பாத்து ஆயில் ஊத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்போதான் புரியுது. கிராங்க் அறை பிளக்கைத் திறந்ததும் ஒண்ணேமுக்கால் லிட்டர் வந்துச்சு, கறுப்பு, துகள் இல்லை. நாலாவது நாள் சக்கரம் அசைஞ்சு இப்போ முழுச் சுத்து வருது. ரெண்டு வால்வும் ஏறி இறங்குது. டேப்பெட் எவ்வளவு வெக்கணும்? முதல் ஸ்டார்ட் எப்படி? சேஸிஸை பவுடர் கோட்டிங் குடுக்கலாமா?

இரும்பு_என்ஜின்

டேப்பெட் முழுக்க ஆறிய என்ஜினில்தான். பிஸ்டன் கம்ப்ரஷன் உச்சியில் இருக்க, இரண்டு புஷ்ராடும் விரலால் உருட்டினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவுதான் அளவு. இறுக்கி வைத்தால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காராமல் எரிந்துபோகும்.

ஸ்டார்ட்: சாவி போட்டு கிக்கரை மெல்ல அமுக்குங்கள். பாயின்ட் மூடியிருக்கும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாயும், பிரிந்ததும் நடுவுக்கு வரும். அங்கே டீகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் லீவர்) பிடித்து ஒரு மயிரிழை தாண்ட விட்டு, லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து அடிவரைக்கும் ஒரே மிதி. ஓட ஆரம்பித்ததும் வண்டியைப் பார்க்காமல் பேஞ்சோ போல்ட்டைப் பாருங்கள், தளர்த்தினால் அரை நிமிஷத்துக்குள் ஆயில் கசிய வேண்டும். இல்லையென்றால் அணைத்துவிடுங்கள். முதல் சூட்டுக்குப் பிறகு முழுக்க ஆறவிட்டு ஹெட் நட்டுகளை ஒருமுறை பாருங்கள். 100 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். உள்ளே படிந்திருந்த வண்டல் எல்லாம் அதில் வந்துவிடும்.

ரோட்டில் இறக்கும் முன் டயர் இரண்டும் டியூபோடு புதுசு, 3.25-19. மேல் பல் தேயாமல் இருக்கிறது என்று பழையதை நம்ப வேண்டாம், ரப்பர் கெட்டிப்பட்டிருக்கும். பிரேக் ஷூவில் லைனிங் பிளந்து வருகிறதா என்று நகத்தால் நெம்பிப் பாருங்கள். அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், டிரம்மைக் கம்ப்ரஸர் காற்றில் ஊதாமல் ஈரத் துணியால் துடையுங்கள்.

ஷெட்_மேஜை

பவுடர் கோட்டிங் குடுக்கலாம், ஆனா அதுக்கு முன்னாடி ஆர்.சி. புத்தகத்தை எடுங்க. சேஸிஸ் நம்பர், என்ஜின் நம்பர் ரெண்டையும் வெள்ளைத் தாள் வெச்சு பென்சிலால் தேய்ச்சு எடுத்து, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்க. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 25 குடுத்துப் பதிவைப் புதுப்பிக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை. வண்டியைக் கொண்டுபோய்க் காட்டறப்போ இன்ஸ்பெக்டர் முதலில் தேடறது அந்த நம்பரைத்தான்.

மணல் பீய்ச்சறப்போ நம்பர் இருக்கிற இடம் தேயும், பவுடர் அதோட பள்ளத்தை நிரப்பிடும். அந்த இடத்தில் ரெண்டு அடுக்கு ரப்பர் ஷீட்டும் டேப்பும் ஒட்டி, "இங்க மணல் படக்கூடாது"ன்னு கடைக்காரர்கிட்ட கையால் தொட்டுக் காட்டிக் குடுங்க. திரும்பி வந்ததும் அந்த இடத்தில் மட்டும் தூரிகையால் மெல்லிசா கறுப்பு பெயின்ட். பேட்டரி எர்த் வயர் உட்கார்ற இடத்தையும், என்ஜின் மவுண்ட் காதுகளோட உள்பக்கத்தையும் இரும்பு தெரியச் சுரண்டி விடுங்க. பவுடர் கரண்டை விடாது.

டேங்கை மட்டும் பவுடருக்குக் குடுக்காதீங்க. அதில் இருக்கிற தங்கக் கோடு திருவொற்றியூர் தொழிற்சாலையில் கையால் இழுத்தது. பாலிஷ் போட்டு எவ்வளவு தேறுதுன்னு முதலில் பாருங்க.