அனகொண்டா: ஆனைக்கொன்றானா, ஹெனகந்தயாவா?

கரவெட்டியான்:
அனகொண்டா என்னும் பெரும்பாம்பின் பெயர் "ஆனைக்கொன்றான்" என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே என்பது என் உறுதியான கருத்து. யாழ்ப்பாணத்தில் ஒன்றை ஒண்டு என்றும், மூன்றை மூண்டு என்றும், வாழைக்கன்றை வாழைக்கண்டு என்றும் சொல்கிறோம். அந்த நாவில் கொன்றான் என்பது கொண்டான் என்று ஒலிப்பதில் வியப்பில்லை. ஹென்றி யூல், ஆங்கிலோ-இந்தியச் சொற்களைத் தொகுத்த தம் ஹாப்சன்-ஜாப்சன் அகராதியில் (1886) இத்தமிழ் மூலத்தையே முன்வைத்தார்.

முல்லைநிலவன்:
ஒலிப்பொருத்தம் மட்டுமே சான்றாகிவிடாது, ஐயா. இப்பெயரை 1693இல் பதிவு செய்த ஆங்கில இயற்கையியலாளர் ஜான் ரே, நெதர்லாந்தின் லெய்டன் அருங்காட்சியகப் பாம்புப் பட்டியலிலிருந்து எடுத்து, "அனகண்டையா" என்று எழுதி, இலங்கையர் வழங்கும் பெயர் என்றும், எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புகளை நொறுக்குவது என்றும் விளக்கினார். அவ்விளக்கத்தில் யானையே இல்லை. சொல்லின் ஈற்றிலுள்ள "அயா" சிங்களத்தில் விலங்குப் பெயர்களுக்கு வரும் விகுதி. தமிழ் மூலத்தைக் கொண்டால் அந்த ஈற்றுக்கு விளக்கமே கிடைக்காது. இலங்கை ஆய்வாளர் டொனால்ட் பெர்குசன் சுட்டிய "ஹெனகந்தயா" என்ற சிங்களச் சொல்லோ, ஹென (மின்னல்), கந்த (தண்டு) எனப் பிரிந்து, ஈறு உட்பட முழுமையாகப் பொருந்துகிறது.

கரவெட்டியான்:
ஆனால் ஹெனகந்தயா என்பது மரக்கிளைகளில் கொடிபோல் தொங்கும் மெலிந்த பாம்பு. அது எருமையை நொறுக்குமா? நொறுக்கும் வலிமை மலைப்பாம்புக்கே உண்டு. அதற்குச் சிங்களவர் வழங்கும் பெயரோ பிம்புரா. தங்கள் விளக்கம் நிற்க வேண்டுமானால் இரண்டு பாம்புகளின் பெயர்கள் குழம்பியிருக்க வேண்டும். தொடக்கத்து ஹகரம் எங்கே போயிற்று என்பதற்கும் தாங்கள் விடை சொல்லவில்லை.

பொருநை:
பெயர் பரவிய விதத்தையும் கருத வேண்டும். 1768இல் ஸ்காட்ஸ் மேகசின் இதழில் ஆர். எட்வின் என்ற பெயரில் வந்த கடிதம், இலங்கையில் அனகொண்டா ஒரு புலியை நெரித்துக் கொன்றதாக விவரித்தது. இலங்கைக் காட்டில் சிறுத்தை உண்டு, புலி இல்லை. அக்கதை புனைவு என்பதற்கு அதுவே போதும். அப்பெயர் பின்னர் தென்னமெரிக்கப் பாம்புக்குப் போயிற்று. பிரேசிலில் அதன் பெயர் சுகுரி.

முல்லைநிலவன்:
பொருநை சொன்னது என் வாதத்துக்கே துணை செய்கிறது. கடல் கடந்து இன்னொரு கண்டத்துப் பாம்பின்மேல் ஏறிய பெயர், அதற்கு முன்பே லெய்டனில் ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருப்பது அரிதன்று. ஹகரம் எழுத்தில் விடுபட்டிருக்கலாம். விகுதி தானாக முளைத்திருக்காது. 1693க்கு முந்தைய தமிழ் ஏட்டிலோ டச்சு ஆவணத்திலோ மலைப்பாம்பை "ஆனைக்கொன்றான்" என்று சொல்லும் ஒரு வரியைக் காட்டுங்கள்; என் கருத்தை அன்றே மாற்றிக்கொள்கிறேன்.